நம் தோட்டத்திற்கும் ஊர் வரலாறு உண்டு



வரலாறு என்றதும் நம் மனத்தில் தோன்றுவன யாவை? அரசர்கள், போர்கள், கோட்டைகள், உடன்படிக்கைகள், அவற்றிற்குரிய ஆண்டுகள். இவற்றை நாம் பாடநூலில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். ஆனால் நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பற்றி யாரேனும் நம்மைக் கேட்டால், "இது ஒரு சின்னத் தோட்டம், இதற்கு என்ன வரலாறு இருக்கப் போகிறது?" என்று சொல்லிவிடுகிறோம். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நதிக்கும் ரிஷிக்கும் அது பொருந்தலாம். ஊருக்குப் பொருந்தாது. தன் ஊரின் மூலத்தை அறியாதவன், அந்த ஊர் கைவிட்டுப் போகும்போது எதனை இழக்கிறான் என்பதனையும் அறியமாட்டான்.

ஆகவே, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள புக்கிட் பெலிம்பிங் போன்ற ஒரு தோட்டத்திற்கு வரலாறு உண்டா, உண்டென்றால் அஃது எங்கே இருக்கிறது, அதனை எவ்வாறு தேடி எழுதுவது என்பன பற்றி இவ்வுரையில் காண்போம்.

முதலில் வெகுதொலைவில் உள்ள ஒரு நாட்டிற்குச் சென்று வருவோம். பிரான்சு நாட்டின் நாட்டுப்புறத்தில் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு பேர் வாழும் ஊர். நடுவே ஒரு பழைய தேவாலயம், அதன் அருகே ஊர் மன்றம், ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் கோதுமை வயல் அல்லது திராட்சைத் தோட்டம். உலக வரைபடத்தில் அதனைத் தேடினாலும் கிடைக்காது. ஆயினும் அவ்வூரார் தம் வரலாற்றை நன்கு அறிவர். காரணம் என்ன? அவர்களிடம் ஏடுகள் இருக்கின்றன. ஊரில் ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் தேவாலயத்தார் பதிந்து வைக்க வேண்டும் என்று 1539ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசர் ஆணையிட்டார். 1792ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் பொறுப்பு ஊர் மன்றத்திற்கு வந்தது. முதலாம் உலகப் போர் 1918இல் முடிந்த பிறகு, ஏறத்தாழ எல்லாச் சிற்றூர்களிலும் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. போரில் மாண்ட உழவன், கொல்லன், தச்சன் ஆகியோரின் பெயர்கள் அக்கல்லில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன.

இவை எல்லாவற்றையும்விட நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்றுண்டு. 1889, 1900 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ் மாநகரில் உலகக் கண்காட்சிகள் நடைபெற்றன. அவற்றையொட்டி, பிரான்சின் பல பகுதிகளில் இருந்த சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களிடம், "நீங்கள் பணிபுரியும் ஊரின் வரலாற்றை எழுதித் தாருங்கள்" என்று கேட்கப்பட்டது. அவர்களும் எழுதினர். ஊரின் பெயர், மண்ணின் தன்மை, ஆறு, பயிர், மக்கள்தொகை, பழைய கட்டடங்கள், பள்ளியின் கதை, மக்களின் பேச்சு, பழக்கவழக்கம் ஆகியவற்றைத் தம் கைப்படக் குறிப்பேடுகளில் எழுதி, சிலர் வரைபடமும் இணைத்துக் கொடுத்தனர். அக்குறிப்பேடுகளில் பல இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகங்களில் உள்ளன. எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள். நூறாண்டு கழிந்த பின்னர், அவ்வூர்களைப் பற்றி ஆராய வருகின்ற அறிஞர்கள் அந்தக் குறிப்பேடுகளைத்தான் முதலில் கேட்டுப் பெறுகின்றனர்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நம்மிடம் நானூறு ஆண்டுப் பதிவேடு இல்லை. கல்லில் வெட்டிய பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆனால் தடயங்கள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது, பெயர்.

புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. பெலிம்பிங் என்பது, குறுக்கே அறுத்தால் ஐந்து முனை நட்சத்திரம் போலத் தோன்றும் பழம். தோட்டம் வருவதற்கு முன்னரே இங்கு மக்கள் நடமாட்டம் இருந்தது. அவர்கள் குன்றையும் மரத்தையும் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதனை இப்பெயரே நமக்கு உணர்த்துகிறது. நம் வட்டாரத்தில் உள்ள மற்றப் பெயர்களையும் பாருங்கள். புக்கிட் ரோத்தான் என்றால் பிரம்புக் குன்று. இவை மலாய்ப் பெயர்கள். ரிவர்சைட், சிலாங்கூர் ரிவர், கோல்பீல்ட்ஸ் என்பன ஆங்கிலேயர் சூட்டிய பெயர்கள். கோல்பீல்ட்ஸ் என்பதற்கு நிலக்கரி வயல் என்று பொருள். அருகில் உள்ள பத்து ஆராங்கில் 1960ஆம் ஆண்டு வரை நிலக்கரி வெட்டி எடுக்கப்பட்டது என்ற செய்தி அப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. இதற்கு நாம் அகராதி பார்க்கத் தேவையில்லை. நம் மக்கள் வாயில் வழங்கும் தமிழ்ச் சொல்லே ஆங்கில எழுத்தில் ஏறி, அரசாங்கப் பதிவிலும் நிலைத்துவிட்டது. ஆக, ஒரே ஆற்றங்கரையில் மூன்று மொழிப் பெயர்கள். யார் யார் இங்கு வந்து வாழ்ந்தனர் என்பதற்கு இவை சான்று. பெயரும் மாறக்கூடியது என்பதனை மறந்துவிடலாகாது. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கப்படுகிறது. இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால், பழைய பெயரைச் சொன்னால் விளங்காத பிள்ளைகள் இருப்பார்கள்.

இரண்டாவது தடயம், நிலமும் ஆறும். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடமே கோல சிலாங்கூர். கோல என்பது கழிமுகம். இங்கு மெலாவத்திக் குன்றின்மேல் சிலாங்கூர் சுல்தான்களின் பழைய கோட்டை இருந்தது. 1784ஆம் ஆண்டு டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றித் தங்கள் ஆளுநர் ஒருவரின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் பகாங் படையின் துணையோடு அதனை மீட்டார். 1907ஆம் ஆண்டு அக்குன்றில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் அந்தப் பழைய டச்சுப் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலாக்கா நீரிணையில் செல்லும் கப்பல்களுக்கு வழிகாட்ட எழுந்த விளக்கு அது. அது கட்டப்பட்ட காலத்திலேதான் நம் முன்னோரை ஏற்றிய கப்பல்களும் அந்நீரிணையில் மேன்மேலும் வரத் தொடங்கின.

அவர்கள் ஏன் வந்தனர்? ஒரு மரத்தின் பொருட்டு வந்தனர். 1876ஆம் ஆண்டு விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகில் உள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1905 முதல் 1910 வரையிலான காலத்தில் விலை மிகவும் உயர்ந்தது. இலண்டனில் கம்பெனிகள் முளைத்தன. சிலாங்கூரில் காடுகள் அழிக்கப்பட்டன. காட்டை வெட்டவும், அல்லூர் தோண்டவும், கன்று நடவும், பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் தமிழன்.

தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. அம்முறை 1910ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கங்காணி முறையே பெரிதும் நடைமுறையில் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் உரிமம் பெற்றுக்கொண்டு தம் சொந்த ஊருக்குச் செல்வார். உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வருவார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் கழித்து, அதன்பின் தோட்டம் வந்து சேர்வர். அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாமே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப்படுகிறது. 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டாலே கண்கலங்கும் முதியவர்கள் நம் தோட்டங்களில் இருந்தனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் இத்தகைய ஆள் அனுப்புதலைத் தடை செய்தது.

கங்காணி முறையால் விளைந்த ஒரு விளைவை நாம் கவனிக்க வேண்டும். ஒரு கங்காணி தம் ஊராரையே அழைத்து வந்த காரணத்தால், தமிழ்நாட்டின் ஓர் ஊரே பெயர்ந்து வந்து ஒரு லயத்தில் குடியேறியது போன்ற நிலை பல தோட்டங்களில் உண்டாயிற்று. ஊர் வழக்கம், குலதெய்வம், பேச்சு, சமையல் யாவும் உடன் வந்தன. துன்பமான ஒன்றும் உடன் வந்தது. அதுதான் சாதி வேற்றுமை. லயங்களைப் பிரித்ததும், கோயிலில் சிலரைத் தள்ளி நிறுத்தியதும் அதுவே. வரலாறு எழுதும்போது பெருமையை மட்டும் எழுதி, இதனை மறைத்துவிடுவது முறையாகாது.

இனி, முன்பு நாம் கூறிய பிரான்சு நாட்டிற்கும் நம் சிலாங்கூர் ஆற்றுக்கும் உண்மையாகவே உள்ள ஓர் உறவைச் சொல்ல வேண்டும். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பார்பெசியூ என்றொரு சிறிய ஊர் உண்டு. திராட்சை மது வடிக்கும் வட்டாரம். அவ்வூரில் 1879ஆம் ஆண்டு பிறந்தவர் ஹென்றி ஃபொக்கோனியே. அவர் 1905ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார். கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தொழில் பயின்றார். மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். பின்னர் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தம் தோட்டத்தைத் தொடங்கினார். 1911ஆம் ஆண்டு வாக்கில் சுமத்ராவிலிருந்து அவருக்குச் செம்பனை விதைகள் வந்தன. 1917ஆம் ஆண்டு, மேலே நாம் குறிப்பிட்ட அதே தென்னமரம் தோட்டத்தில், மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் உருவாயிற்று. இன்று இந்நாடெங்கும் பரந்து கிடக்கும் செம்பனைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம்.

பின்னாளில் ஃபொக்கோனியே தம் மலாயா வாழ்க்கையை அடிப்படையாக வைத்து, மலேசி என்னும் நாவலைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அந்நாவல் 1930ஆம் ஆண்டு பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய கோன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நம் ஆற்றங்கரையும், தோட்டமும், தமிழ்த் தொழிலாளரும் இவ்வாறு உலக இலக்கியத்தில் இடம்பெற்றனர். அவர் 1973ஆம் ஆண்டு காலமானார். அவருடைய ஊர், பிறப்பு, இறப்பு, அவர் நட்ட மரம், எழுதிய நூல் யாவும் ஏட்டில் உள்ளன. ஆனால் அதே 1917ஆம் ஆண்டில், அதே தென்னமரத்தில், அந்தக் குழிகளைத் தோண்டிக் கன்றுகளை நட்ட கைகள் யாருடையவை? அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர்? அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே? அவர்களின் பெயர்களை நாம் எந்த நூலிலும் காணவில்லை. துரையின் கதை எழுதப்பட்டுவிட்டது; தொழிலாளியின் கதை எழுதப்படவில்லை. இந்தக் குறையை நிறைவு செய்வதே ஊர் வரலாற்றின் பணி.

மூன்றாவது தடயம், தோட்டத்தின் அமைப்பு. பிரெஞ்சுச் சிற்றூரில் தேவாலயம் நடுவில் இருப்பது போல, நம் தோட்டத்திற்கும் ஓர் அமைப்பு உண்டு. குன்றின்மேல் துரையின் பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே தொழிலாளர் லயங்கள். யார் மேலே, யார் கீழே என்பது மண்ணிலேயே எழுதப்பட்டிருந்தது. அலுவலகத்தின் முன் பெரட்டுக் களம். விடியுமுன் மணியடித்ததும் அங்கே வந்து நின்று பெயர் கொடுக்க வேண்டும். ஏன் அவ்வளவு காலையில்? குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே மரத்தின் இயல்பே மனிதனின் நாளை வகுத்தது. விடியற்காலையில் எழும் தாய், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குச் செல்வாள். இப்படி வளர்ந்த பிள்ளைகள்தாம் பின்னர் நம் பள்ளிக்கு வந்தனர்.

பள்ளி எவ்வாறு வந்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்திற்காக நடத்தப்பட்ட பள்ளிகள் பல, ஒரு கொட்டகையும் ஒரு ஆசிரியருமாகவே இருந்தன. சில இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியர் வேலையையும் பார்த்தனர். ஆயினும் அக்கொட்டகையில்தான் ஒரு தலைமுறை தன் பெயரை எழுதக் கற்றது.

கோயிலோ சட்டத்தால் வந்ததன்று, மக்களே எழுப்பியது. முதலில் ஒரு மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம். பிறகு தகரக் கூரை. பிறகு மண்டபம். ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்த சிறு தொகையில் மாரியம்மன் திருவிழா நடந்தது. எல்லையில் முனியாண்டி காவல் நின்றார். தோட்டத்து மக்கள் தாமாகக் கூடி, தாமாகக் கணக்குப் பார்த்து, தாமாக முடிவெடுத்த முதல் இடம் கோயில்தான். சங்கம் அமைக்கவும் கூட்டம் நடத்தவும் அவர்கள் பழகிக்கொண்ட இடமும் அதுவே எனலாம்.

நான்காவது தடயம், சொற்கள். நாம் அன்றாடம் பேசும் தோட்டத்துச் சொற்களைத் தரமற்றவை என்று ஒதுக்கிவிடுகிறோம். அவை யாவும் வரலாற்றுச் சான்றுகள். கித்தா என்ற சொல் மலாயின் கெத்தா என்பதிலிருந்து வந்தது. பால் வடியும் மங்கு, மலாயில் கிண்ணத்தைக் குறிக்கும் மங்கோக். கிராணி என்பது கெரானி. லயம் என்பது வரிசை என்று பொருள்படும் ஆங்கில லைன். சடக்கு என்பது இந்துஸ்தானியில் சாலையைக் குறிக்கும் சொல். கங்காணியோ நம் கண்காணியே. அது தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. ஒட்டுப்பால், நிரை, உளி, காண்டா வாளி ஆகிய சொற்களை இன்றைய பிள்ளைகள் பலர் கேட்டதே இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் கருவி மாறியது. கருவியோடு சொல்லும் போய்விட்டது. ஐம்பது சொற்களைப் பொருளோடு எழுதி வைத்தால், ஒரு தொழிலையே காப்பாற்றி வைத்ததற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது தடயம், நிகழ்ச்சிகள். உலகச் செய்திகள் தோட்டத்தின் வாசலுக்கும் வந்தன. 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் வாணிகம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலையிழந்த ஆயிரமாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் அன்று. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். மானத்தோடு வாழ வேண்டும் என்பதே அக்கோரிக்கைகளின் உட்பொருள். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 ஜனவரித் தொடக்கத்தில் அவர்களுடைய படகுகள் கோல சிலாங்கூர்க் கரைக்கே வந்துவிட்டன. பின்னர், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் அங்கே மாண்ட தமிழர் பல்லாயிரவர். திரும்பி வராதவர்கள் இல்லாத தோட்டம் சிலாங்கூரில் இருந்திருக்குமா என்பது ஐயமே. பிரெஞ்சுச் சிற்றூரின் நினைவுக்கல்லை இவ்விடத்தில் நினைத்துப் பாருங்கள். போரில் மாண்டவர் பெயர்கள் அங்கே கல்லில் உள்ளன. சயாமில் மாண்ட நம்மவர் பெயர்கள் சில பாட்டிமாரின் நெஞ்சில் மட்டுமே இருந்தன. அந்தப் பாட்டிமாரும் மறைந்துவிட்டனர்.

போருக்குப் பிந்திய செய்திகளைச் சுருக்கமாகக் கூறுவோம். 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. அதே காலத்தில் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டு, மக்கள் வேலையும் வீடும் இழந்தனர். அதற்கு மாற்றாக, துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு வாங்கி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலாவதாகத் தமதாக்கிக்கொண்டனர். 1969ஆம் ஆண்டு குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தபோது, அச்சீட்டுக் கிடைக்காத பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். ஒரு காகிதம் இல்லாத காரணத்தால் ஒரு குடும்பமே இரண்டாகப் பிரிந்த கதைகள் உண்டு. பதிவேடு என்பது வெறும் தாள் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நேயர்களே, இன்று தோட்டங்களின் நிலை என்ன? ரப்பர் மரம் இருபத்தைந்து அல்லது முப்பது ஆண்டுகளில் வெட்டப்பட்டு, மறுநடவு செய்யப்படும். செம்பனையும் அப்படியே. ஆகவே நம் தோட்டத்தில் நிற்கும் மரங்களுள் எதுவும் நம் பாட்டனார் நட்டதன்று. மர லயங்கள் கல் வீடுகளாயின. கல் வீடுகளும் பல இடங்களில் காலியாயின. இளைஞர்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். வேலைக்கு இந்தோனேசியா, வங்காள தேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து ஆட்கள் வருகின்றனர். கம்பெனிகள் கைமாறின; பழைய அலுவலக ஏடுகள் எங்கே போயின என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. 2011ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர்ப் பக்கம் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. சாலை வந்தால் வீடமைப்புத் திட்டம் வரும்; தோட்டம் போகும். வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தோட்டம் போகலாம், அதன் கதையும் சேர்ந்து போய்விடக் கூடாது என்பதே நாம் கூறுவது. பிரான்சில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நிற்கும் தேவாலயச் சுவர் அவ்வூரின் நினைவைக் காக்கிறது. நமக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆகவே நம் நினைவை நாமேதான் எழுதிக் காக்க வேண்டும்.

எவ்வாறு எழுதுவது? ஒரு தடித்த குறிப்பேடு போதும். ஒரு வகுப்பு மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து ஓராண்டில் செய்து முடிக்கலாம்.

முதலாவதாக, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை இருக்கும். எந்த ஆண்டில் பிள்ளைகள் மிகுதி, எந்த ஆண்டில் குறைவு, எப்போது குடும்பங்கள் கூட்டமாக வெளியேறின என்பன அதிலிருந்து தெரியவரும். பிரெஞ்சுச் சிற்றூருக்கு ஊர் மன்ற ஏடு எப்படியோ, நம் தோட்டத்திற்குப் பள்ளிப் பதிவேடு அப்படி. அதனைக் கறையான் அரிக்க விடுவது நம் ஊரின் பிறப்புப் பத்திரத்தையே அரிக்க விடுவதாகும். அதில் உள்ள விவரங்கள் தனிப்பட்டவை ஆதலால், தலைமையாசிரியரின் அனுமதியோடும் பொறுப்போடும் கையாள வேண்டும்.

இரண்டாவதாக, கோயிலுக்கும் இடுகாட்டிற்கும் செல்லுங்கள். உபயக் கல்வெட்டு, மணியில் பொறித்த பெயர், பழைய திருவிழா அறிக்கை, கல்லறையில் உள்ள ஆண்டு ஆகியவற்றை எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, முதியவர்களிடம் கேளுங்கள். "உங்கள் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால், "அதெல்லாம் கஷ்டகாலம், தம்பி" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடும். "உங்கள் நிரையில் எத்தனை மரம்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? எந்த லயத்தில் எந்தக் கதவு உங்கள் வீடு? தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது?" என்று கேட்டால், ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்தி வரும். ஆண்டு தெரியாவிட்டால் அறிந்த நிகழ்ச்சியோடு பொருத்திப் பாருங்கள். "மெர்டேக்கா வந்தபோது எனக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது" என்று ஒரு பாட்டி சொன்னால், 1957இல் அவருக்கு ஆறு அல்லது ஏழு வயது. அவர் பிறந்தது 1950ஐ ஒட்டி என்று கணக்கிடலாம். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த பெருவெள்ளமும் இவ்வாறே பலருக்கு ஓர் அடையாளம். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். இருவர் கூற்றும் வேறுபட்டால், இரண்டையும் எழுதி, யார் சொன்னது எது என்பதனையும் குறித்து வையுங்கள்.

நான்காவதாக, ஒரு வரைபடம் வரையுங்கள். லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் நிறுக்கும் கொட்டகை, புகைக் கொட்டகை, கள்ளுக்கடை, கிணறு, பந்து விளையாடிய திடல் ஆகியவை எங்கெங்கே இருந்தன என்று முதியவர்களைக் கொண்டே குறிக்கச் செய்யுங்கள். இடிந்துபோன இடங்களையும் குறியுங்கள்.

ஐந்தாவதாக, பழைய புகைப்படங்களைத் தேடுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் இடமும் ஆண்டும் எழுதுங்கள். பெயரில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவரின் படமே.

எழுதி முடித்த குறிப்பேட்டை மூன்று படிகள் எடுங்கள். ஒன்று பள்ளியில் இருக்கட்டும். ஒன்று கோயிலில் இருக்கட்டும். ஒன்றை 1957ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நம் நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு அனுப்பலாம். தோட்டம் ஒருநாள் வீடமைப்புப் பகுதியாகிவிட்டாலும், அங்கே குடிவரும் மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் யாவரும், "நாம் நிற்கும் மண்ணில் முன்பு யார் உழைத்தார்கள்?" என்று கேட்கும்போது, விடை சொல்ல ஓர் ஏடு இருக்கும். அது நம் இனத்திற்கு மட்டும் உரிய செல்வம் அன்று. இந்த நாட்டின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாமல் கிடக்கும் ஒரு பக்கம்.

மாணவர்களே, இன்று பள்ளி விட்டு வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "தாத்தா, இந்தத் தோட்டத்திற்கு நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? அவர் பெயர் என்ன?" அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அதன் கீழே இன்றைய தேதியையும் இடுங்கள். உங்கள் ஊர் வரலாற்றின் முதல் வரி அதுவே.